ஸ்கேவோஸின் உயரம்

குதிகாலைப் பிடித்து செவஸ்தி கீழே அழுத்தினாள். முழங்கால் மேலே எழும்பியது. முழங்காலை அழுத்தினால் இந்தப் பக்கம் தலையும் தோளும் மெத்தையை விட்டுக் கிளம்பின, கூப்பிட்டதும் எழுந்து உட்காரப் போகிற மாதிரி. அவள் கையை எடுத்தாள். தலை மறுபடி தலையணையில் விழுந்தது.

"விடுடி" என்றாள் பக்கத்து வீட்டுக் கலோத்தினா. வைனில் நனைத்த துணியால் செத்தவரின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அம்பத்திரண்டு வருசமா நிமிராத காலு. உசிரோட இருக்கறப்ப டாக்டர் சொல்லியே கேக்கல. இப்ப நீ சொன்னா கேட்டுருமா?"

"அவருதான் கேட்டாரு சின்னம்மா."

"என்ன கேட்டாரு?"

"நேராக்கி அனுப்புன்னு."

கலோத்தினா துணியைக் கிண்ணத்தில் பிழிந்தாள். பொத்தியா ஊரின் மேல்தெருவில் சாகிறவர்களையெல்லாம் முப்பது வருடமாக அவள்தான் கழுவி உடுத்துகிறாள். "அப்ப சீக்கிரமா ஒரு வழி பாரு. வெயில் ஏறுச்சுன்னா விறைச்சுரும். அப்புறம் கோடாலிதான்."

விடியும் நேரத்தில் அப்பாவின் உயிர் போயிருந்தது. தண்ணீர் கேட்டார், செவஸ்தி கொண்டுவந்தாள், அதற்குள் முடிந்துவிட்டது. அவள் கணவன் ஒரு சரக்குக் கப்பலில் எங்கோ வடக்கே இருந்தான். தம்பி ஆஸ்திரேலியாவில், டார்வினில். இருவருக்கும் தந்தி போயிருந்தது. கிரேக்கத்தின் இந்தக் கலிம்னோஸ் தீவில் ஜூலை மாதத்துப் பிணம் அடுத்த நாளைப் பார்க்காது. நான்கு மணிக்கு எடுப்பதாகச் சாமியாரிடம் சொல்லியாயிற்று.

எழுபத்தெட்டு வயது அவருக்கு. இடது கால் தொண்ணூறு பாகையில் மடங்கியிருந்தது. அதற்குத் துணை போய்ப் போய் வலது காலும் பாதி மடங்கிப் போனது. இரண்டு முழங்காலும் மடங்க, இடுப்பும் முன்னால் குனிய, ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறவரைப் போலத்தான் அவர் நடப்பார். ஊரில் அவருக்குக் குள்ள ஸ்கேவோஸ் என்றே பேர். கதவோரம் அவருடைய தொப்பிக்கென்று ஒரு ஆணி இருந்தது, செவஸ்தியின் நெஞ்சு மட்டத்தில். கட்டிலின் கால்மாட்டில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் காலிதான். அங்கே அவள் குளிர்காலத்துக் கம்பளிகளை மடித்து வைத்திருந்தாள்.

குள்ளராக அவரை முதலில் கண்டது ஆப்பிரிக்கக் கரைதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருடம், இருபத்தாறு வயது. கப்டன் மர்கூலாஸின் படகில், கடலடிக்கு முழுகிக் கடற்பஞ்சு எடுக்கும் குளியாளி. செம்புத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு முப்பத்தைந்து பாகம், இருநூறு அடிக்கும் மேல், ஆழத்தில் அன்று மூன்றாவது முறை இறங்கியிருந்தார். மேலே வந்தார், கவசத்தைக் கழற்றினார்கள், வழக்கப்படி வாயில் ஒரு சிகரெட்டை வைத்தார்கள். குளியாளிக்கு அந்தப் புகை இனித்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். "இனிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்தவருக்குக் கால்களில் உணர்வே இல்லை. கரைக்குக் கொண்டுபோய் வைத்தியமாகக் கழுத்து வரை சூடான மணலில் மூன்று நாள் புதைத்து வைத்தார்கள். உயிர் மட்டும் திரும்பியது. ஆழத்திலிருந்து ஒரேயடியாக மேலே தூக்கினால் குளியாளிக்கு இப்படித்தான் ஆகும்.

எப்படி ஆனது என்று யார் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான். "என் தப்பு. அடியில பயந்து போயி, தூக்கச் சொல்லி நானே கயித்த இழுத்துட்டேன். மேல இருந்தவங்க என்ன பண்ணுவாங்க, சடார்னு தூக்கிட்டாங்க." கப்டனின் பஞ்சுக் கிடங்கில் அவருக்குக் காவல் வேலை கிடைத்தது. செவஸ்திக்குப் பதினான்கு வயதானபோது அதே கிடங்கில் பஞ்சு வெட்டும் வேலை கிடைத்தது. முப்பத்து நான்கு வருடமாக அவள் அங்கேதான் தரையில் உட்கார்ந்து கத்தரியால் பஞ்சைச் சீர் செய்கிறாள். கப்டன் செத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. இன்று மாலை ஆறு மணிக்கு, துறைமுகச் சதுக்கத்தில், அவருடைய மார்பளவுச் சிலையைத் திறக்கிறார்கள். ஏதென்ஸிலிருந்து மந்திரி வருகிறார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்தமாத்திஸ் வீட்டுக்கு வந்திருந்தான். வங்கியில் எழுத்தர், முப்பது வயது, நல்ல பையன் என்றுதான் பேர். சிலை திறப்பில் குளியாளி நடனம் ஆடப் போகிற குழுவில் அவன்தான் முன்னால் நின்று ஆடுகிறவன். அந்த நடனம் ஊருக்கே தெரியும். எல்லோரும் கைகோத்து நேராக ஆடுவார்கள், முன்னால் நிற்பவன் மட்டும் முடமான குளியாளியைப் போலக் கையில் தடியோடு, கால் நடுங்க, விழப்போவது போல விழப்போவது போல ஆடுவான்.

"தாத்தா, கொஞ்சம் நடந்து காட்டுறீங்களா? நாங்க ஆடுறது பொய்யாத் தெரியுது."

அப்பா சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். அடுப்பிலிருந்து வாசல்வரை நடந்தார். வாசலிலிருந்து அடுப்புவரை.

"இன்னொரு தடவ தாத்தா. அந்த முட்டி உதறுதுல்ல, அத மட்டும் மெதுவா."

எட்டு முறை நடந்தார். செவஸ்தி எண்ணினாள். ஸ்தமாத்திஸ் பின்னாலேயே அதே மாதிரி முழங்காலை மடக்கி, குனிந்து, உதறிக்கொண்டு போனான். எட்டாவது முறை அச்சு அசலாக வந்துவிட்டது. நன்றி சொல்லி, ஒரு பெட்டி இனிப்பை மேசைமேல் வைத்துவிட்டு, வாசலைத் தாண்டியதும் நிமிர்ந்து விறுவிறுவென்று இறங்கிப் போனான். அப்பா வாசலில் நின்று அதைப் பார்த்தார். இனிப்புப் பெட்டியை அவர் திறக்கவில்லை.

அன்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார்: "நான் கயித்த இழுக்கல."

செவஸ்தி ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"கீழ நெறைய பஞ்சு. எனக்கென்ன அவசரம். வேற ஒரு படகு வர்றதக் கப்டன் பாத்துட்டாரு. எடத்த அவன் கண்டுபிடிச்சிருவான்னு தூக்கச் சொன்னாரு. ஒரேயடியா." ஒரு வாய் சூப்பை எடுத்து வாயில் வைத்தார். "மணல்ல கெடக்கறப்ப பக்கத்துல வந்து உக்காந்தாரு. நீயே இழுத்ததா இருக்கட்டும், உன்ன நான் பாத்துக்கறேன்னாரு. பாத்துக்கிட்டாரு. அதச் சொல்லணும்."

"இத்தன வருசம் ஏம்பா சொல்லல?"

"சொல்லிட்டா மட்டும் நிமிர்ந்துருமா?" என்றார். பிறகு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு: "நான் போனா இத நேராக்கிரு. ஒருத்தன் பாக்கக் கூடாது. செய்வியா?"

செய்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

இன்று தச்சன் யாக்கூமிஸ் பெட்டியோடு வந்தபோது காலை மணி எட்டு. ஊரில் சவப்பெட்டி செய்வது அவன்தான். பெட்டியை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றி, குனிந்து, செத்தவரின் நெற்றியில் முத்தமிட்டான். பிறகு முழங்காலைப் பார்த்தான்.

"தங்கச்சி, மூடி மூடாதே. பெட்டிக்கு மேல ஒரு சாண் நிக்கும்."

"நேராக்க முடியுமாண்ணே?"

"பலகையப் போட்டு ரெண்டு பேரு ஏறி உக்காந்தா ஒடியும். சத்தம் வரும்." அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். "நான் மரத்துலதான் வேல செய்யறேன். என்னால ஆகாது."

அவன் சொல்லி முடிக்கவில்லை, நிகிதாஸ் வந்தார். கப்டனின் பேரன், நகரசபை உறுப்பினர். இவ்வளவு காலையிலேயே கோட்டு போட்டிருந்தார். பின்னால் ஒருவன் பெரிய மலர் வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெள்ளைப் பட்டையில் தங்க எழுத்து: 'உண்மை நண்பனுக்கு, மர்கூலாஸ் குடும்பம்.'

"அக்கா, மனசு ஆறாது. எங்க தாத்தாவுக்கு இவரு கூடப் பொறந்தவரு மாதிரி." கையிலிருந்த விழாச் சிறப்பு மலர்ப் புத்தகத்தை மேசையில் வைத்தார். பளபளப்பான அட்டை. தீவின் வரலாறும் அதன் பெருமக்களும் என்று தலைப்பு. ஆயர் ஒருவர், இரண்டு மருத்துவர்கள், ஏதென்ஸில் பேர் வாங்கிய சிற்பி, பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த வியாபாரி, கப்டன்மார்கள். "முப்பத்தெட்டாம் பக்கம் பாருங்க. அப்பா பேரும் வந்திருக்கு."

அவள் பார்த்தாள். கப்டன் மர்கூலாஸின் படம் அரைப் பக்கம். கீழே எழுதியிருந்தது: 'தம்முடன் கடலுக்கு வந்த ஒவ்வொருவரையும் உயிரோடு கரை சேர்த்தவர். ஸ்கேவோஸ் என்ற குளியாளி அச்சத்தால் தானே கயிற்றை இழுத்து ஊனமுற்றபோது, வாழ்நாள் முழுதும் அவரைத் தாங்கினார்.'

"நல்லா எழுதியிருக்காங்க" என்றாள் செவஸ்தி.

"ஒரே ஒரு விசயம்." நிகிதாஸ் குரலைத் தாழ்த்தினார். "நாலு மணிக்கு எடுக்கறீங்க. அப்ப சதுக்கத்துல மேடை, மைக், போட்டோக்காரங்க எல்லாம் இருப்பாங்க. பெட்டியத் தெறந்து வச்சு அந்த வழியா… அந்தக் காலு… பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். யாக்கூமிஸ் நேராக்கித் தருவாரு, நான் சொல்றேன். இல்லேன்னா மேல்ரோட்டு வழியாப் போயிருங்க. வண்டி அனுப்பறேன்."

யாக்கூமிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"யோசிக்கறேன்" என்றாள் அவள்.

அவர் போன பிறகு வெகுநேரம் கட்டிலருகே நின்றாள். எதை யோசிப்பது? இந்தக் காலைத் தவிர வேறு என்ன இருக்கிறது? கயிற்றைப் பிடித்திருந்தவன் போய்விட்டான், கப்டன் போய்விட்டார், படகு போய்விட்டது. எழுதியது எழுதியாயிற்று. இந்த மடங்கின முழங்கால் ஒன்றுதான் சிலைக்கு முன்னால் போய் நிற்க மிச்சம். அதையும் நேராக்கிவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும்.

"அப்படியே கொண்டு போயிரலாம் சின்னம்மா" என்றாள். "அவனுங்க பாக்கட்டும்."

கலோத்தினா கிண்ணத்து வைனைச் சன்னல் வழியே தெருவில் கொட்டினாள். "அவனுங்க பாப்பானுங்க. அப்புறம் போயி மந்திரி கையப் பிடிச்சுக் குலுக்குவானுங்க. உங்கப்பன் என்னடி கேட்டாரு?"

"நேராக்கச் சொன்னாரு."

"எவன் பாக்கக்கூடாதுன்னாரு?"

"யாரும்."

"அப்ப எதுக்கு நிக்கற?"

"அந்த நிகிதாஸும் அதையேதான கேக்கறான்."

"கேட்டுட்டுப் போறான். பிச்சைக்காரனும் ரொட்டிதான் கேக்கறான், ராசாவும் ரொட்டிதான் கேக்கறான். அதுக்காக நீ சுடாம இருந்துருவியா?"

செவஸ்தி அடுக்களைக்குப் போனாள். ஆணியில் அவளுடைய கத்தரி தொங்கியது, ஆட்டு மயிர் வெட்டுகிற மாதிரியான பெரிய கத்தரி. முந்தின நாள்தான் சாணை பிடித்திருந்தாள். திரும்பி வந்து, கலோத்தினாவைப் பார்த்து, "காலத் தூக்கிப் பிடிங்க" என்றாள்.

யாக்கூமிஸ் வெளியே போய்ச் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டான்.

முழங்காலுக்குப் பின்புறம், தோலுக்கு அடியில், இரண்டு நரம்புகள் கப்பல் வடம்போல் இழுத்து நின்றன. சிறு வயதில் அவள் அவற்றைத் தொட்டு விளையாடியிருக்கிறாள். அவர் கூச்சத்தில் சிரிப்பார். விரலால் தடவிப் பார்த்து இடம் கண்டுகொண்டாள். பஞ்சில் கல் சிக்கிய இடத்தை வெட்டுகிற அதே கை. இரத்தம் அதிகம் வரவில்லை. முதல் நரம்பு எளிதில் போயிற்று. இரண்டாவதற்கு இரு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. பிறகு வலது கால். பிறகு தொடை இடுப்போடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும். கலோத்தினா துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். வெட்டிய இடங்களைப் பழைய விரிப்பைக் கிழித்துக் கட்டினார்கள்.

செவஸ்தி குதிகாலைப் பிடித்து இழுத்தாள். முழங்கால் ஒருமுறை கடகடத்தது, பிறகு இறங்கியது. கால்மாட்டில் மடித்து வைத்திருந்த கம்பளிகள் தரையில் விழுந்தன. பாதங்கள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் போய்த் தொட்டன.

இருவரும் பின்னால் நகர்ந்து நின்றார்கள்.

"கன்னி மாதாவே" என்றாள் கலோத்தினா மெதுவாக. "இம்புட்டு ஆளா இவரு."

கருப்புக் கோட்டை உடுத்தினார்கள். கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. தம்பி டார்வினிலிருந்து ஒருமுறை அனுப்பிய கருப்புச் சப்பாத்துகள் பெட்டியோடு பரணில் இருந்தன. கோணலாக ஊன்றிய பாதங்களுக்கு அவை ஒருநாளும் ஏறியதில்லை. இன்று ஏறின.

யாக்கூமிஸ் உள்ளே வந்து பார்த்தான். பையிலிருந்து சணல் கயிற்றை எடுத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை பிடித்து, முடிச்சுப் போட்டான். அந்தக் கயிற்றைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் பிடித்தான். முடிச்சு வெளியே தொங்கியது.

"தங்கச்சி, தப்புப் பண்ணிட்டேன்."

"என்னண்ணே?"

"ஆள ஊரறியும்னு கண்ணளவுலயே எடுத்து வந்துட்டேன். குள்ள ஸ்கேவோஸ்தானன்னு." கயிற்றை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். "ஒரு மீட்டர் எண்பத்தி நாலு. இந்தத் தெருவுல இவ்வளவு நீளப் பெட்டி நான் செஞ்சதே இல்ல. புதுசா செய்ய நேரமும் இல்ல." பிறகு, அவளைப் பார்க்காமல், "முட்டிய லேசா மடக்கி வச்சா உள்ள போயிரும். லேசாத்தான்" என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. முகம் சிவந்தது.

"கால்மாட்டுப் பலகைய எடுத்துருங்க" என்றாள் செவஸ்தி.

"காலு வெளிய நிக்கும்."

"நிக்கட்டும்."

அவன் சுத்தியலை எடுத்து நான்கு அடி அடித்தான். பலகை கழன்று வந்தது. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, பக்கவாட்டுப் பலகைகள் விரியாமல் இருக்க ஒரு சட்டத்தைக் குறுக்கே அறைந்தான். போகிற அவசரத்தில் சுத்தியலையும் சணலையும் மேசைமேலேயே மறந்துவிட்டான்.

நான்கு மணிக்குச் சாமியார் வந்தார். கிடங்கில் பஞ்சு மூட்டை தூக்குகிறவர்கள் ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். மூடியை ஒருவன் முன்னால் எடுத்துக்கொண்டு நடந்தான். தெரு முனையில் நகரசபை வண்டி காத்திருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, "மேல்ரோடு வழியா…" என்று ஆரம்பித்தான்.

"துறைமுகம் வழியா" என்றாள் செவஸ்தி. சாமியார் அவளைப் பார்த்தார். படிகளில் இறங்கத் தொடங்கினார்.

சதுக்கத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தான். சிலை நீலத் துணி போர்த்தி, கயிறு கட்டி நின்றது. அதற்கு முன்னால் நடனக் குழு ஒத்திகை பார்த்தது. பத்துப் பேர் கைகோத்து நேராக, முன்னால் தடியோடு ஸ்தமாத்திஸ். முழங்கால்களை மடக்கி, குனிந்து, இடது காலை உதறிக்கொண்டிருந்தான். நன்றாகவே வந்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

பிணம் வருவதைக் கண்டு வயலின் நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெட்டி கால் முன்னாலாக வந்தது. பலகை இல்லாத பக்கத்தில் இரண்டு சப்பாத்துகள் நீட்டிக்கொண்டிருந்தன, அடி தேயாமல், அழுக்கில்லாமல்.

"யாரு செத்தது?" என்று காப்பிக்கடை வாசலில் ஒருவர் கேட்டார்.

"ஸ்கேவோஸ்."

"எந்த ஸ்கேவோஸ்?"

"குள்ள ஸ்கேவோஸ்பா. கிடங்குக் காவல்காரரு."

"போடா. இது யாரோ நெட்ட ஆளு."

செவஸ்தி திரும்பவில்லை. மேடையருகே நிகிதாஸ் நின்றிருந்தார். நேராகக் கிடந்த கால்களைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. இரண்டடி முன்னால் வந்து, "ரொம்ப நன்றிக்கா" என்றார்.

"உங்களுக்காகப் பண்ணல" என்றாள் அவள், நடந்துகொண்டே.

ஸ்தமாத்திஸ் மடங்கிய முழங்காலோடு அப்படியே நின்றிருந்தான். பெட்டி அவனைக் கடந்தது. சப்பாத்து, கால்கள், கோட்டு, முகம். முகம் வந்த பிறகு மறுபடி கால்பக்கம் பார்த்தான். தடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

கல்லறைத் தோட்டத்திலும் அதே கதைதான். குழி வெட்டுகிறவன் ஆளின் பேரைக் கேட்டு அளவாக வெட்டியிருந்தான். பெட்டியின் கால்மாடு குழிக்குள் இறங்கவில்லை. "யாருமே சொல்லலியே" என்று முணுமுணுத்துக்கொண்டு மண்வெட்டியோடு உள்ளே இறங்கினான். பாறை மண். சாமியார் ஜெபப் புத்தகத்தை மூடி விரலை நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கால்மணி நேரம் மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. கீழே துறைமுகத்தில் வாத்தியங்கள் தொடங்கியிருந்தன.

வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பியும் பிராந்தியும் காய்ந்த ரொட்டியும் கொடுத்து, அவர்கள் போன பிறகு, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். கலோத்தினா கட்டிலின் விரிப்பை உருவி எடுத்துப் போனாள். "படுத்துக்கடி கொஞ்ச நேரம்."

"சரி சின்னம்மா."

வெயில் இன்னும் இருந்தது. மலையில் ஊர்க்காரர்கள் கொண்டாட்டத்துக்கு டைனமைட் வெடித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சிலையின் துணியை இழுத்திருப்பார்கள். ஒலிபெருக்கியின் குரல் காற்றுக்கு ஏற்ப வந்து வந்து போயிற்று: "…தம்முடன் கடலுக்கு வந்த ஒவ்வொருவரையும்…"

செவஸ்தி கதவைச் சாத்தினாள். அதன் ஓரத்தில் அப்பாவின் தொப்பி ஆணியில் தொங்கியது, அவள் நெஞ்சு மட்டத்தில். தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். சுத்தியலின் பிளந்த பக்கத்தால் ஆணியைப் பிடுங்கினாள். சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது. அப்பாவை அளந்த சணல் கயிற்றின் ஒரு முனையைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு, சுவரோடு சேர்த்து மேலே இழுத்தாள். முடிச்சு அவள் தலைக்கு மேலே போயிற்று. அந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டாள்.

ஆணியை அங்கே வைத்து அடித்தாள். கை சரியாக எட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏறி நின்று, நன்றாக அடித்து முடித்துவிட்டுத் தொப்பியை மாட்டினாள்.